மேதையும் அவன் அண்ணனும்

சிரிப்பு சாமான்யமான விஷயம் அல்ல. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், யாருடைய சிரிப்பில் நாமும் கலந்துகொள்கிறோம் என்பதைக் கவனித்தால், நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கிவிடும். ஆகவே ஒரு சிரிப்பு நாடகத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதுவதைக் கண்டு தோழர்கள் வியப்படைய வேண்டியதில்லை.

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து, ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் அறைக்குத் திரும்பும் வாலிபர்கள், தூக்கம் வரும்வரை செல்போனில் எதையாவது பார்க்கிறார்கள். அப்படிச் சிலர் பார்த்து நமக்கும் சொன்ன ஒன்று ‘யங் ஷெல்டன்’ என்ற அமெரிக்க டெலிவிஷன் நாடகம். 2017 செப்டம்பரில் தொடங்கி 2024 மே மாதம் முடிந்தது. மொத்தம் 141 பாகங்கள்.

கதை இதுதான். டெக்ஸாஸ் மாகாணத்தின் கிழக்கே ஒரு சிற்றூர். காலம் 1989. ஒன்பது வயது ஷெல்டன் கணக்கிலும் பௌதிகத்திலும் அபாரமான மூளை படைத்தவன். பல வகுப்புகளைத் தாண்டி, அண்ணன் ஜார்ஜி படிக்கும் அதே உயர்நிலைப் பள்ளி வகுப்பில் போய் உட்காருகிறான். தகப்பன் அதே பள்ளியில் பந்தாட்டம் கற்றுக் கொடுப்பவர். தாய் தேவாலயமே கதி என்றிருப்பவள். ஷெல்டனோடு இரட்டையாகப் பிறந்த தங்கை மிஸ்ஸி. வாயும் கையும் சும்மா இராத ஒரு பாட்டி. பெரியவனாகி விஞ்ஞானி ஆகிவிட்ட ஷெல்டன், தன் பிள்ளைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்வதாக நாடகம் நடக்கிறது.

அமெரிக்கக் கம்பெனிகளின் விளம்பரப் பணத்தில் ஓடிய நாடகம்தான். ஆனாலும் நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. இதில் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று இருக்கிறது. அந்த உண்மையைப் பாதி வழியில் விட்டுவிட்ட குறையும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

மேதைக்கும் பயம் உண்டு

நம் நாட்டில் கெட்டிக்காரக் குழந்தை ஒன்று தென்பட்டால் என்ன செய்கிறோம்? “தெய்வப் பிறவி” என்கிறோம். “சரஸ்வதி கடாட்சம்” என்கிறோம். டெலிவிஷன் மேடையில் ஏற்றி, நடுவர்களை அழ வைத்து, கை தட்டுகிறோம். மே மாதம் வந்தால் ஓசூர் வீதிகளில் தனியார் பள்ளிகளின் பிளக்ஸ் போர்டுகள். மார்க்கு வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் வரிசை வரிசையாக. அந்த முகங்களில் ஒன்றிலாவது பயம் உண்டா? சந்தேகம் உண்டா? இல்லை. பயமும் சந்தேகமும் உள்ள பிள்ளையின் படத்தைக் காட்டிச் சேர்க்கை பிடிக்க முடியாதல்லவா?

‘யங் ஷெல்டன்’ இந்தப் பொய்யை உடைக்கிறது. அந்த மேதைக்குக் கிருமி என்றால் பயம். சாப்பாட்டுக்கு முன் குடும்பமே கைகோத்து ஜெபிக்கும்போது, கையுறை மாட்டிக்கொண்டுதான் மற்றவர்கள் கையைப் பிடிப்பான். ஒருநாள் இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. அதன்பின் கடித்துத் தின்னும் உணவையே தொட மாட்டேன் என்கிறான். மேதாவிப் பிள்ளைகளுக்கென்றே டல்லாஸ் நகரத்தில் உள்ள ஒரு பள்ளிக்கு அவனை அனுப்புகிறார்கள். படிப்பு அங்கே உயர்ந்த படிப்புத்தான். ஆனால் பையனுக்கு வீட்டு ஏக்கம். குடும்பத்துக்கும் இருப்புக் கொள்ளவில்லை. திரும்ப அழைத்து வந்துவிடுகிறார்கள்.

கடவுள் உண்டா இல்லையா என்று பாதிரியாரோடு வாதாடுவான். பின்னால் கல்லூரியில் தத்துவ வகுப்புக்குப் போய், இந்த உலகம் நிஜம்தானா என்ற குழப்பத்தில் முடங்கிப் போவான். எல்லாம் தெரிந்தவன் என்று எல்லோரும் நினைக்கும் ஒருவன் “எனக்குத் தெரியவில்லையே” என்று தவிக்கும்போதுதான் அவன் நம் வீட்டுப் பிள்ளை ஆகிறான். நாம் அவனைக் கேலி செய்து சிரிப்பதில்லை. நம் பிள்ளையின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரிக்கிறோம்.

இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. அறிவு வானத்திலிருந்து விழுந்தது என்றால் அதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. கிடைத்தவன் பாக்கியசாலி, கிடைக்காதவன் தலையெழுத்து. காலங்காலமாக நிலச்சுவான்தார் பண்ணையாளுக்குப் போதித்த பாடம் இதுவே. முதலாளி தொழிலாளிக்குச் சொல்லும் பாடமும் இதுவே. பிறப்பில் திறமை வேறுபடாது என்று நாம் வாதாடவில்லை. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்கிறது. ஒரு பிள்ளைக்கு நேரம் வேண்டியிருக்கிறது. ஆனால் பிறவித் திறமை என்பது விதை மாத்திரமே. விதைக்கு மண் வேண்டும், நீர் வேண்டும், காவல் வேண்டும். கேழ்வரகு விதைத்து, விடிய விடிய யானைக்குக் காவல் இருக்கும் சானமாவு விவசாயிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நாடகமும் இதைக் காட்டத்தான் செய்கிறது. பேஜ் என்று இன்னொரு மேதைச் சிறுமி அதில் வருகிறாள். ஷெல்டனுக்குச் சமமான மூளை. ஆனால் அவளுடைய தாயும் தகப்பனும் பிரிந்துவிடுகிறார்கள். வீடு உடைந்ததும் அந்தப் பெண் தடுமாறுகிறாள். படிப்பு கையைவிட்டுப் போகிறது. மூளை அப்படியே இருந்தது. தாங்கிப் பிடித்த கைகள் போய்விட்டன.

கும்பகோணத்து வீடு

நாடகக் கதை இருக்கட்டும். நம் மண்ணில் பிறந்த மேதை ஒருவரின் வீட்டைப் பார்ப்போம்.

கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தகப்பனார் புடவைக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. சம்பளம் போதாது. தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடியும், வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டும் குடும்பத்தை ஓட்டினார். காகிதம் வாங்கக் காசில்லாமல் பையன் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையாலேயே அழித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அந்தப் பிள்ளை பரீட்சையில் தோற்றார் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாததால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905-ல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1909-ல் கலியாணம். வேலை தேடி அலைந்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். இங்கிலாந்திலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு 1913-ல் எழுதிய கடிதத்தில், மூளையைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் எனக்கு உணவு வேண்டும் என்ற பொருள்பட எழுதினார். உலகம் போற்றும் அந்த மூளை கேட்ட முதல் உதவி சோறு!

ராமானுஜன் 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் ஆனார். 1920 ஏப்ரலில் தமது 32-வது வயதில் சென்னையில் மாண்டார். அவர் இளமையில் இறந்ததைவிட, பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையே பல வருஷங்கள் வழிகாட்டுவாரின்றி வீணானதே பெரிய சோகம் என்று ஹார்டி பின்னால் எழுதினார். வளைந்து கொடுக்காத கல்வி முறையே அதற்குக் காரணம் என்று அவர் குற்றம் சாட்டினார்.

அவருடைய மனைவி ஜானகி அம்மாள் என்ன ஆனார்? அவர் விதவையானபோது வயது இருபதை ஒட்டி. பிற்காலத்தில் திருவல்லிக்கேணியில் தையல் தைத்துப் பிழைத்தார். 1994 வரை வாழ்ந்தார். கணவர் பெயரால் விழாக்கள் நடந்தன, தபால்தலை வந்தது. அந்த அம்மாளோ தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழையானாலும் ராமானுஜன் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தின் கதவு அவருக்குத் திறந்திருந்தது. அதே காவிரிக் கரையில், அதே காலத்தில், சேரியில் பிறந்த பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்கப் போனது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை ராமானுஜன்கள் இருந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? எண்ண முடியாது. சிலேட்டே கைக்கு வராத பிள்ளைக்குத் தோற்பதற்குக்கூட ஒரு பரீட்சை கிடையாது.

அண்ணன் கேட்ட கணக்கு

இப்போது ஷெல்டன் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த நாடகத்தில் என் மனத்தில் தங்கியவன் மேதை ஷெல்டன் அல்ல. அவனுடைய அண்ணன் ஜார்ஜி.

ஜார்ஜிக்குப் படிப்பு ஏறவில்லை. தம்பி தன்னைவிடக் கெட்டிக்காரனாக அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது அவனுக்கு ஏற்பட்ட அவமானம் கொஞ்சமல்ல. பள்ளியை முடிக்காமலே வேலைக்குப் போகிறான். மிஸ்ஸியின் பாடும் அப்படித்தான். ஒரே நாளில், ஒரே வயிற்றில் பிறந்தவள். ஆனால் வீட்டின் கண்கள் எல்லாம் ஷெல்டன் மேலேயே. தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற கோபத்தில் ஒருநாள் தகப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டே ஓடுகிறாள்.

கடைசியில் தகப்பன் மாரடைப்பில் இறந்துபோகிறார். அன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பியபோது ஷெல்டன் புத்தகத்தில் மூழ்கியிருந்தான். தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அந்தக் காலை நேரத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைகிறான். இப்படிச் சொல்லியிருக்கலாமே, அப்படிச் செய்திருக்கலாமே என்று. உலகத்துக் கணக்கையெல்லாம் போட்ட மூளைக்கு இந்த ஒரு கணக்குத் தீரவில்லை. இந்த இடத்தில் சிரிப்பு நாடகம் கண்ணைத் துடைக்க வைக்கிறது.

ஷெல்டன் பெரியவனான பிறகு நடக்கும் கதையைச் சொல்லும் நாடகம் ‘தி பிக் பேங் தியரி’. அதுவே முதலில் வந்தது. 2007 முதல் 2019 வரை ஓடியது. அதில் 2018-ல் வந்த ஒரு பாகத்தில், பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் சந்திக்கிறார்கள். அண்ணன் மனம் திறந்து கேட்கிறான்: அப்பா செத்தபின் நீ கல்லூரிக்குப் போய்விட்டாய். அம்மாவையும் தங்கையையும் பார்த்துக்கொண்டது யார்? தம்பிக்கு அன்றுதான் அது தெரிகிறது. மன்னிப்புக் கேட்கிறான்.

தோழர்களே, ஒவ்வொரு மேதைக்குப் பின்னாலும் இப்படி ஒரு ஜார்ஜி நிற்கிறான். அவன் பெயர் புத்தகத்தில் வருவதில்லை. இந்த உண்மையை ஒரு சிரிப்பு நாடகம் வாய்விட்டுச் சொன்னதே, அதற்காக அதைப் பாராட்டுகிறோம்.

ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது என்று சொன்னோமே, அது இங்கேதான். ஜார்ஜிக்கு நாடகம் காட்டும் விமோசனம் என்ன? சாமர்த்தியத்தால் டயர் வியாபாரம் நடத்திப் பணக்காரன் ஆகிவிடுகிறான். தம்பி விஞ்ஞானி, அண்ணன் முதலாளி, கணக்குத் தீர்ந்தது, எல்லோரும் சிரித்துவிட்டுத் தூங்கப் போகலாம். நம் ஊர் ஜார்ஜிகளுக்கு டயர்க் கடை காத்திருக்கிறதா? கான்ட்ராக்ட் சீட்டுத்தான் காத்திருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் ஏதாவது ஒரு கூலிக்காரர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பேச்சு தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கலாம். கஷ்டம் ஒரே பாஷைதான். தகப்பன் தக்காளித் தோட்டத்தில் கூலி. தாய் பூப் பறிக்கப் போகிறாள். குளிர்காலத்தில் யானைக் கூட்டம் சானமாவு காட்டில் வந்து இறங்கிவிட்டால், இருட்டும் முன் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்தார்களா என்பதே கவலை. இரண்டு பிள்ளைகள் என்றால், மே மாதம் வந்ததும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்றைப் படிக்க வைக்கலாம். ஒன்றை வேலைக்கு அனுப்பலாம். எது படிக்கும்? எது போகும்?

“சின்னவன் நல்லாப் படிக்கிறான். பெரியவளுக்கு அவ்வளவு வராது.” இந்த வார்த்தையை எத்தனை வீட்டுத் திண்ணைகளில் கேட்டிருக்கிறேன்! பெரியவள் பிளஸ் டூ முடித்த கையோடு தொழிற்சாலை ஹாஸ்டலில் போய்ச் சேருகிறாள். அவள் சம்பளம் தம்பியின் கட்டணம் ஆகிறது. அவளுக்கு “அவ்வளவு வராது” என்று யார் கண்டார்கள்? காலையில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, தம்பியைக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடிய பெண்ணின் மார்க்கையும், அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போன பையனின் மார்க்கையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

பெற்றோரைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. வயிற்றைக் கட்டி ஒரு பிள்ளையையாவது கரையேற்றப் பார்க்கிறார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்ல. ஒரு வீட்டுப் பிள்ளைகளில் யார் படிக்க வேண்டும், யார் சுமக்க வேண்டும் என்ற தீர்ப்பை ஏழைத் தாயின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சமுதாய அமைப்புத்தான் கொடியது. பணக்கார வீட்டில் இந்தத் தீர்ப்பே கிடையாது. அங்கே சுமார் மூளையும் படிக்கிறது. சுமாருக்குக் கீழான மூளையும் நன்கொடை கொடுத்துப் படிக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. குடும்பம் முழுவதும் சுமந்து அனுப்பிய அந்தச் சின்னவன் மனசு என்ன பாடு படும்? அக்காளின் சம்பளம் தன் கட்டணம் என்பது அவனுக்குத் தெரியும். “எனக்கு இந்தப் பாடம் புரியவில்லை” என்று அவன் யாரிடம் சொல்வான்? தோற்க அவனுக்கு உரிமை இல்லை. சந்தேகப்பட உரிமை இல்லை. ஷெல்டன் டல்லாஸிலிருந்து திரும்பி வந்தான், கட்டியணைத்துக்கொண்டார்கள். நம் பிள்ளை திரும்பி வர முடியுமா? கடன் வாங்கிக் கட்டிய பணம் வழியை மறிக்கிறதே! குழந்தையின் தலையில் குடும்பத்தின் விமோசனத்தையே ஏற்றி வைத்தால், அந்தப் பாரத்தில் கழுத்து ஒடிந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. பரீட்சைக் காலங்களில் பத்திரிகைகளில் வரும் துயரச் செய்திகளை நாம் எல்லோரும் படிக்கிறோம்.

என்ன செய்வது?

சுமையை வீட்டிலிருந்து சமுதாயத்துக்கு மாற்ற வேண்டும். இது வெறும் கனவு அல்ல. ராமானுஜன் கேட்டதும் கிடைக்காதது சோறு. 1956-ல் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022-ல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் 2022-ல் தொடங்கியது. இவை யாருடைய தர்மமும் அல்ல. நம் வரிப்பணம், நம் உழைப்பு. ஒரு தட்டுச் சோறு பள்ளியில் கிடைத்தால், ஒரு பெரியவளின் தோளிலிருந்து அந்த அளவுக்குப் பாரம் இறங்குகிறது. இதற்கு மேலும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்பதற்கு முன், இருப்பதைக் கைவிடாமல் இருப்போம். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். பரீட்சை உண்டு. தேர்வு பெறும் ஏழைப் பிள்ளைக்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித் தொகை. தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கூலிக்காரத் தாய்மார்கள் அதில் போய் உட்கார வேண்டும். “எங்கள் பிள்ளை சந்தேகம் கேட்டால் திட்டாதீர்கள், பதில் சொல்லுங்கள்” என்று பேச வேண்டும்.

படிப்பை நிறுத்திய பெரியவளையும் பெரியவனையும் மறந்துவிடக் கூடாது. பத்தாவது முடிக்காதவர்கள் தனித்தேர்வராக எழுத வழி உண்டு. ஐ.டி.ஐ. உண்டு, அஞ்சல்வழிப் படிப்பும் உண்டு. ஷிப்டு முறையைக் காட்டி இதற்கு நேரம் தர மறுக்கும் நிர்வாகங்களிடம் நேரத்தைக் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்தின் வேலை. கூலி உயர்வுக் கோரிக்கையோடு படிப்பு நேரக் கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

வீட்டுக்குள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. அதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. “இவன் மேதை, அவள் மக்கு” என்ற பேச்சை விடுங்கள். மார்க்கு வாங்கிய பிள்ளைக்கு மிட்டாய் வாங்கினால், சம்பளம் கொண்டுவந்த பிள்ளைக்கும் வாங்குங்கள். படிக்கிற பிள்ளையிடம் அக்காளின் ஷிப்டைப் பற்றிச் சொல்லுங்கள். அவனைக் குத்திக்காட்ட அல்ல, அவன் தெரிந்துகொள்ள. அவன் நாளைக்கு டாக்டரோ இஞ்சினீயரோ ஆகும்போது, தான் வானத்திலிருந்து குதித்தவன் அல்ல என்பது அவனுக்கு நினைவிருக்க வேண்டும்.

தம்பிக்கு அந்த நினைவு வர அமெரிக்க நாடகத்தில் பல வருஷம் ஆயிற்று. நம் வீடுகளில் அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. இந்த மே மாதமே தீர்ப்புச் சொல்லும் நேரம் வரும்போது, பெரியவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, “அம்மா, உனக்கு என்ன படிக்க ஆசை?” என்று ஒரு முறை கேளுங்கள். அவள் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கும், சங்கத்துக்கும், கலெக்டர் ஆபீசுக்கும் நாம் எல்லோரும் சேர்ந்து போவோம்.